கருவி வந்து சேர்ந்தது. மொழி வந்து சேரவில்லை

கல்வியியல் ஆய்வேடுகளில் சில ஆண்டுகளாக ஒரு தலைப்பு திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. தொழில்நுட்பத்தின்பால் மாணவர் கொண்டுள்ள மனப்பான்மையும் அவர்தம் கல்வி அடைவும் என்பது அத்தலைப்பு. செய்முறை ஏறக்குறைய எல்லா ஆய்வுகளிலும் ஒன்றுதான். ‘கணினியில் கற்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது’ என்பது போன்ற வாசகங்கள் அச்சிடப்பட்ட தாள் ஒன்று மாணவர் கையில் தரப்படும். முற்றிலும் உடன்படுகிறேன் என்பதிலிருந்து முற்றிலும் மறுக்கிறேன் என்பது வரை ஐந்து கட்டங்கள் இருக்கும். ஒன்றில் குறியிட வேண்டும். குறிகளைக் கூட்டி, தேர்வு மதிப்பெண்ணோடு ஒட்டிப் பார்த்து, நேர்மறை மனப்பான்மை கொண்ட மாணவர் நன்றாகப் படிக்கிறார், எதிர்மறை மனப்பான்மை கொண்டவர் பின்தங்குகிறார் என்று முடிவு எழுதுவார்கள். ஆகவே மாணவரின் மனப்பான்மையை மாற்ற வேண்டும் என்பது கடைசிப் பக்கத்துப் பரிந்துரை.

இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 1989இல் ஃபிரெட் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், ஒரு நிறுவனம் புதிய மென்பொருளை இறக்கினால் ஊழியர்கள் அதை ஏற்பார்களா மாட்டார்களா என்று முன்கூட்டியே கணிக்க ஒரு முறையை வகுத்தார். இது எனக்குப் பயன்படும் என்று ஊழியர் நினைக்கிறாரா, இது எளிது என்று நினைக்கிறாரா என்ற இரண்டு கேள்விகளே அதன் அடித்தளம். நிர்வாகத்துக்கு அது போதும். மென்பொருளை யார் செய்தார், எந்த மொழியில் செய்தார், யாருக்காகச் செய்தார் என்று நிர்வாகம் கேட்பதில்லை. அலுவலக ஊழியரை அளக்கச் செய்த அதே கோலைத்தான் இன்று எட்டாம் வகுப்புப் பிள்ளையின் மீது வைத்து அளக்கிறார்கள்.

அந்தத் தாளைக் கொழிஞ்சாம்பாறைக்கோ, வண்டிப்பெரியாற்றுக்கோ, மறையூருக்கோ கொண்டு சென்றால் என்ன ஆகும்? எதிர்மறை விடைகள் வரத்தான் செய்யும். அவற்றைப் பிள்ளையின் குறையாகப் பதிவு செய்வதா, வேறு எதற்கோ சாட்சியமாகப் படிப்பதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் பிறந்தபோது, பாலக்காட்டின் கிழக்கு ஓரத்துச் சித்தூர்ப் பகுதியும், மலைமேல் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களும் கேரளத்தோடு நின்றன. எல்லைக்கோடு எங்கே விழுந்திருக்க வேண்டும் என்ற பழைய வழக்கை இங்கே திறக்க வேண்டியதில்லை. கோடு எங்கே விழுந்தாலும் அதன் இரு புறமும் சிறுபான்மை இருக்கும் என்பதை அன்றே உணர்ந்ததால்தான், அதே 1956இல் ஏழாவது திருத்தத்தின் வழியே 350ஏ என்ற உறுப்பு அரசியல் சாசனத்தில் சேர்ந்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தருவதற்கான வசதிகளைச் செய்வது மாநிலத்தின் கடமை என்கிறது அந்த உறுப்பு. கேரளத்தில் தமிழ்வழிப் பள்ளிகள் இன்றும் இயங்குவதும், தமிழில் பாடநூல் அச்சாவதும், பத்தாம் வகுப்புத் தேர்வைத் தமிழில் எழுத முடிவதும் சிறிய செய்திகள் அல்ல. மக்கள் கேட்டுப் பெற்ற உரிமைகள் அவை.

பள்ளித் தொழில்நுட்பத்தில் கேரளம் செய்திருப்பதும் சிறிது அல்ல. 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம், வணிக மென்பொருள் நிறுவனங்களின் உரிமத்துக்குக் காசு கொட்டாமல், கட்டற்ற மென்பொருளின் மேல் பொதுப்பள்ளிக் கணினிக் கல்வியைக் கட்டியெழுப்பியது. உலகில் மிகச் சில இடங்களில்தான் அது நடந்தது. 2017இல் அத்திட்டம் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாயிற்று. 2018 முதல் எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் ஒளிவீழ்த்தியும் இணையமும் வந்தன. 2020 அக்டோபர் 12 அன்று பொதுப்பள்ளிகள் அனைத்தும் மின்னணு வகுப்பறைகள் கொண்ட முதல் மாநிலமாகக் கேரளம் அறிவிக்கப்பட்டது. இதற்கு நேர் எதிரான பாதையும் இதே மண்ணின் மைந்தர் ஒருவர் போட்டதுதான். கண்ணூர் அழீக்கோட்டுக்காரர் தொடங்கிய பைஜூஸ் நிறுவனம் 2022இல் 2,200 கோடி டாலர் மதிப்புடையது என்று கொண்டாடப்பட்டது. 2024 ஜூலையில் கிரிக்கெட் வாரியத்துக்கான சுமார் 158 கோடி ரூபாய் நிலுவைக்காக அது திவால் நடவடிக்கைக்கு உள்ளானது. கடன் வாங்கிப் பிள்ளைக்குப் பாடச் செயலி வாங்கிய பெற்றோரின் மனப்பான்மையை எந்த ஆய்வேடும் அளக்கவில்லை.

இவ்வளவையும் சொன்ன பிறகு 2020 ஜூன் மாதத்துக்கு வருவோம். பெருந்தொற்று பள்ளிகளை மூடியது. ஜூன் 1 அன்று விக்டர்ஸ் தொலைக்காட்சியில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் தொடங்கின. நாட்டின் பிற பகுதிகளில் தனியார் செயலிகள் கொழுத்துக்கொண்டிருந்த வேளையில், எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான ஒரு வகுப்பை அரசே நடத்தியது. தொலைக்காட்சியோ இணையமோ இல்லாத பிள்ளைகள் சுமார் 2.6 லட்சம் பேர் எனக் கணக்கெடுப்பு காட்டியிருந்தது. அந்த முதல் நாளிலேயே மலப்புரம் மாவட்டம் வளாஞ்சேரியில், வகுப்பில் சேர வழியில்லாத ஒன்பதாம் வகுப்புத் தலித் மாணவி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன் பிறகே கருவி திரட்டும் இயக்கம் வேகம் பிடித்தது. இளைஞர் அமைப்புகளும் ஆசிரியர் சங்கங்களும் நூலகங்களும் வீடு வீடாகத் தொலைக்காட்சிப் பெட்டிகளைக் கொண்டு சேர்த்தன. அந்த உழைப்பு வீண்போகவில்லை.

ஆனால் அந்தப் பெட்டி எல்லைப் பகுதியின் தமிழ்வழிப் பிள்ளையிடம் பேசியது மலையாளத்தில். தமிழ், கன்னடவழிப் பாடங்களைப் பாலக்காட்டிலும் இடுக்கியிலும் காசர்கோட்டிலும் ஆசிரியர்கள் தம் முயற்சியால் பதிவு செய்தார்கள். அவை பெரும்பாலும் யூடியூப் வழியாகவும் உள்ளூர்க் கேபிள் வழியாகவும்தான் வெளியாயின. இதில் உள்ள முரணை நிதானமாகப் பார்க்க வேண்டும். இணையம் மிகவும் மெலிந்த தோட்டக் குடியிருப்புக்கு இணையம் வழியாகப் பாடம் அனுப்பப்பட்டது. லயத்துக் கூரைகளின் மேல் இருப்பவை டிடிஎச் தட்டுகள். உள்ளூர்க் கேபிள் மலையேறுவதில்லை. தொலைக்காட்சியும் மின்சாரமும் இருந்த வீட்டில்கூடத் தமிழில் பாடம் வரவில்லை.

சித்தூர் வட்டத்துப் பிள்ளைக்கு இன்னொரு சோதனையும் உண்டு. வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களில் நின்றால் தமிழ்நாடு கூப்பிடு தூரம். 2019 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி அவ்வீடுகளில் தெரியும். அதில் வருவது தமிழ், ஆனால் அந்தப் பாடத்திட்டம் வேறு. விக்டர்ஸில் வருவது இவர்களின் பாடத்திட்டம், ஆனால் மொழி வேறு. ஒரே வீட்டில் இரண்டு மாநிலங்களின் கல்வி ஒலிபரப்பு. இரண்டில் எதுவும் அந்தப் பிள்ளையின் புத்தகத்தைத் திறந்து பேசவில்லை. இந்த நிலையில் வளர்ந்த சிறுவனிடம் ‘காணொளி வழியே கற்பது பயனுள்ளது’ என்ற வாசகத்தை நீட்டினால் அவன் எந்தக் கட்டத்தில் குறியிடுவான்?

மலைமேல் நிலைமை இன்னும் கடுமை. 2020 ஆகஸ்ட் 6 இரவு இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர். ஏறக்குறைய அனைவரும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள், அவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் பலர். இரவில் நேர்ந்த அந்தப் பேரழிவு வெளியுலகுக்குத் தெரிய மறுநாள் காலை ஆயிற்று, தொலைத்தொடர்பு இல்லை. அதற்கு அடுத்த ஆண்டும் இராஜமலைத் தோட்டப் பிள்ளைகள் அலைபேசிச் சிக்னல் தேடிப் பல கிலோமீட்டர் கடந்து, இரவிகுளம் தேசியப் பூங்காவின் சாலையோரத்தில் மழையில் குடைபிடித்தபடி இணைய வகுப்பில் அமர்ந்தார்கள். பெட்டிமுடியில் உயிர்களைக் காக்கத் தவறிய அதே இல்லாமைதான் பாடத்தையும் மறுத்தது. சிக்னல் என்பது அங்கே வசதி சார்ந்த விஷயம் அன்று.

பெருந்தொற்று முடிந்துவிட்டது, பழைய கதை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். மனப்பான்மை என்பது பழைய கதைகளால் ஆனது என்பதே நம் பதில். அன்று மூன்றாம் வகுப்பில் இருந்தவர் இன்று உயர்நிலைப் பள்ளியில் இருக்கிறார். திரை என்பது தனக்குப் புரியாததைப் பேசும் பொருள், பாட்டும் படமும் மட்டுமே அதில் தன் மொழியில் வரும் என்று அவர் பத்து வயதுக்குள் கற்றுக்கொண்டார். தோட்டப் பகுதிப் பெற்றோர் கூட்டங்களில் தாய்மார்கள் சொல்வது இதுதான்: “சார், போன்லதான் படிக்கிறேன்னு பிள்ள சொல்லுது. நான் கொழுந்து எடுத்துட்டு வீடு வர்றப்ப அஞ்சரை ஆவுது. அது படிக்குதா படம் பாக்குதான்னு எனக்கு எப்படித் தெரியும்?” காலை எட்டு மணிக்கு மலைச்சரிவில் நிற்கும் பெண்ணிடம் பிள்ளையின் திரைநேரத்தைக் கண்காணிக்கச் சொல்வது நடுத்தர வர்க்கத்து அறிவுரை.

கேளிக்கைப் பயன்பாடு உண்மையான சிக்கல்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. 2024ஆம் ஆண்டின் அசர் அறிக்கை, ஊரக இந்தியாவில் 14 முதல் 16 வயதுள்ளோரில் 82.2 விழுக்காட்டினர் திறன்பேசியைக் கையாளத் தெரிந்தவர்கள் என்கிறது. அவர்களுள் முந்தைய வாரத்தில் கல்விக்காக அதைப் பயன்படுத்தியவர் 57 விழுக்காடு. சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியவர் 76 விழுக்காடு. சொந்தமாகத் திறன்பேசி வைத்திருப்போர் ஆண்பிள்ளைகளில் 36.2 விழுக்காடு, பெண்பிள்ளைகளில் 26.9 விழுக்காடு. கருவி வீட்டுக்குள் வந்த பிறகும் அது முதலில் அண்ணன் கைக்குப் போகிறது. தங்கைக்கு மிஞ்சுவது மின்கலம் தீரும் நேரம். பெண்ணின் கையில் அலைபேசி என்றாலே கெட்டுவிடும் என்ற எண்ணம் லயத்தில் மட்டும் இல்லை. விடுதி விதிகளிலும் உண்டு. கோழிக்கோடு மாவட்டத்தில் மாலை ஆறு முதல் பத்து வரை விடுதியில் அலைபேசி கூடாது என்ற விதியை ஏற்க மறுத்ததால் வெளியேற்றப்பட்ட கல்லூரி மாணவி ஃபஹீமா ஷிரின் தொடுத்த வழக்கில், 2019 செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றம், இணைய அணுகல் கல்வி உரிமையின் பகுதி, தனியுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. அந்த மாணவியின் மனப்பான்மையை அன்றைய விடுதி நிர்வாகத்தின் கண்கொண்டு அளந்திருந்தால் ஒழுங்கீனம் என்றே வந்திருக்கும்.

உலக அனுபவமும் பிள்ளையின் மனத்தை விடுத்து வேறு இடத்தையே சுட்டுகிறது. 2015இல் ஓஇசிடி அமைப்பு வெளியிட்ட அறிக்கை, பள்ளிக் கணினிகளுக்குப் பெரும் பணம் செலவிட்ட நாடுகளில் வாசிப்பிலும் கணிதத்திலும் அறிவியலிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை என்றது. அளவோடு பயன்படுத்திய மாணவர் சற்று மேலாகவும், மிகுதியாகப் பயன்படுத்திய மாணவர் மிகவும் கீழாகவும் இருந்தனர். பெரு நாட்டில் ‘பிள்ளைக்கொரு மடிக்கணினி’ திட்டத்தை ஆராய்ந்தவர்கள் 2012இல் கணித, மொழித் தேர்வுகளில் எந்த விளைவும் தென்படவில்லை என்று எழுதினார்கள். 2023இல் யுனெஸ்கோ தன் அறிக்கையின் தலைப்பிலேயே, இக்கருவி யாருடைய நிபந்தனைகளின்படி வருகிறது என்று கேட்டது. இயந்திரம் வேறு, அதை மூலதனம் பயன்படுத்தும் விதம் வேறு என்று பிரித்துப் பார்க்கத் தொழிலாளி வர்க்கத்துக்குக் காலமும் அனுபவமும் தேவைப்பட்டன என்று மார்க்ஸ் சொன்னதை நினைவில் கொண்டிருப்போருக்கு யுனெஸ்கோவின் கேள்வி புதிதாக இராது.

கருவி பலன் தந்த சான்றும் உண்டு. தில்லியில் ‘மைண்ட்ஸ்பார்க்’ என்ற கணினிவழிக் கற்றல் மையங்களை ஆராய்ந்து, கார்த்திக் முரளிதரனும் அவருடைய தோழர்களும் 2019இல் வெளியிட்ட முடிவு, நாலரை மாதங்களில் கணிதத்திலும் இந்தியிலும் பிள்ளைகள் தெளிவான முன்னேற்றம் கண்டதைக் காட்டியது. ஒவ்வொரு பிள்ளையும் நின்ற படியிலிருந்தே பாடம் தொடங்கியது. மொழிப்பாடம் அவர்கள் பேசிய இந்தியிலேயே இருந்தது. கூடவே சிறு குழுவுக்கு ஒரு துணையாசிரியரும் இருந்தார். அது தனியார் உருவாக்கம். அந்த வணிகத்தை நாம் பரிந்துரைக்கவில்லை. ஆனால் அது வேலை செய்த காரணத்தைக் கைவிட வேண்டியதில்லை. அதே தில்லிப் பிள்ளைகளுக்கு அதே கணினியில் மலையாளத்தில் பாடம் ஓடியிருந்தால் அவர்களின் ‘மனப்பான்மை’ எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிக்க ஆய்வு தேவையில்லை.

சிறு உதாரணம் ஒன்று. கேரளப் பள்ளிகளில் மலையாளத் தட்டச்சுக்கு இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையைக் கற்றுத் தருகிறார்கள். தமிழ்நாடு 1999இல் தமிழ் 99 முறையைத் தரமாக ஏற்றது. எல்லைப் பிள்ளைக்கு இதனால் குழப்பம் என்று முதலில் தோன்றும். ஆனால் இன்ஸ்கிரிப்ட் முறையில் எல்லா இந்திய எழுத்துகளுக்கும் விசைகள் ஒன்றே. மலையாளத்துக் க விழும் விசையில்தான் தமிழின் க விழும். ப, ர, த எல்லாம் அப்படியே. ஒரே பயிற்சியில் இரண்டு மொழிகளிலும் விரல் பழகும். தமிழ்வழி வகுப்பில் இதைச் சொல்லித் தரத் தமிழ் தெரிந்த ஓர் ஆசிரியர் இருந்தால் போதும். ஒரு வாரத்தில் பிள்ளை தன் பெயரைத் தன் எழுத்தில் திரையில் காண்பார். அப்படிக் கண்ட பிள்ளைக்கும் ஆங்கில எழுத்தில் பெயரைக் குத்திவிட்டு எழுந்த பிள்ளைக்கும் கணினியோடு ஒரே உறவு இருக்காது. தகவல் தொழில்நுட்பப் பாடநூலைத் தமிழிலும் அச்சிடுகிறது அரசு. அதைத் தமிழில் நடத்துபவர் எத்தனை பள்ளிகளில் இருக்கிறார்? மலையாளம் மட்டுமே அறிந்தவரைச் சிறுபான்மை மொழிப் பள்ளியில் பணியமர்த்துவதை எதிர்த்துக் காசர்கோட்டுக் கன்னடப் பெற்றோர் தெருவுக்கு வர நேர்ந்தது. தமிழ்ப் பகுதிகளின் மனக்குறையும் அதுவேதான்.

இங்கே நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். எத்தனை மடிக்கணினி, எத்தனை ஒளிவீழ்த்தி, எத்தனை பேருக்குப் பயிற்சி என்ற எண்ணிக்கையில் இடதுசாரிகளும் மயங்கியதுண்டு. 2025 ஆகஸ்டில் கேரளம் முழு மின்னணு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. சுமார் 22 லட்சம் பேர் பயிற்சி பெற்றார்கள். பாராட்டுக்குரியது. அதற்கு முன்பே 2024இல் 80,000 ஆசிரியர்களுக்குச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி திட்டமிடப்பட்டது. அதுவும் நன்று. இக்கணக்குகளை மொழிவாரியாகவும் தோட்டவாரியாகவும் பிரித்து வெளியிட வேண்டும் என்று நாம் கேட்டதாக நினைவில்லை. சராசரி என்பது சிறுபான்மையை விழுங்கும் எண். பெரும்பான்மைக்குப் பணியாற்றிய களிப்பில் அதை மறப்பது எளிது.

மூணாறுக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கிறது இடமலைக்குடி. 2010இல் அமைந்த கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி அது. அங்கு வாழும் முதுவர்களின் பேச்சு தமிழோடு நெருங்கியது. அக்காட்டில் இருப்புக்கல்லு குடியில் சின்னத்தம்பி என்ற முதியவர் தேநீர்க்கடையிலேயே ஒரு நூலகம் நடத்தியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் உலகுக்குச் சொன்னார். 160 நூல்கள், அவற்றுள் பஷீரும் எம்.டி.யும் இருந்தார்கள், சிலப்பதிகாரத்தின் மொழிபெயர்ப்பும் இருந்தது. யார் எந்த நூலை எடுத்தார் என்று முறையாகப் பதிவேடும் இருந்தது. மின்சாரம் இல்லாத இடத்தில் அந்நூல்களை வாசிக்க மக்கள் வந்தார்கள் என்றால், நூல் கிடைத்தது என்பதால் மட்டும் வந்திருக்க மாட்டார்கள். தேநீர் ஊற்றிக் கொடுத்து, இது நல்ல கதை, எடுத்துப் போ என்று சொல்ல ஒருவர் நடுவில் இருந்தார். வட்டவடை மலைக்கிராமத்துப் பிள்ளையான அபிமன்யு, 2018 ஜூலையில் மகாராஜா கல்லூரியில் குத்திக் கொல்லப்படும் முன் தன் ஊருக்கு ஒரு நூலகம் வேண்டும் என்றுதான் கனவு கண்டார். இன்று அங்கே அவர் பெயரில் நூலகம் நிற்கிறது. மாலை ஆறு முதல் ஒன்பது வரை திறந்திருக்கும் நூலகம், அதில் நான்கு கணினிகள், தமிழறிந்த ஒருவர் சம்பளத்தோடு. எல்லையோர ஊராட்சிகளில் இதைச் செய்து பாருங்கள்; பிறகு மனப்பான்மையை அளக்கலாம்.

கே-ஃபோன் இணையத்தை 2023 ஜூன் 5 அன்று தொடங்கியபோது ஏழைக் குடும்பங்கள் 20 லட்சத்துக்கு இலவச இணைப்பு என்பது இலக்காகச் சொல்லப்பட்டது. லயங்களுக்கு அது ஏறுவதில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. நிலம் நிறுவனத்துடையது, வீடு நிறுவனத்துடையது, கம்பம் நடுவதற்கும் நிறுவனத்தின் இசைவு வேண்டும். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தன் 14ஆம் பிரிவில், ஆறு முதல் பன்னிரண்டு வயதுள்ள தொழிலாளர் பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் கல்வி வசதி செய்யுமாறு முதலாளியைப் பணிக்கும் விதிகளை வகுக்க மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது. 2025 நவம்பர் 21 முதல் ஒன்றிய அரசு அச்சட்டத்தைத் தொழிலாளர் விரோதத் தொகுப்புகளுக்குள் கரைத்துவிட்டது. தொகுப்புகளை முறியடிக்கும் போராட்டத்தில் தோட்டச் சங்கங்கள் தம் கோரிக்கைப் பட்டியலில் ஒரு வரியைச் சேர்க்கலாம். அன்று கல்வி வசதி என்றால் ஒரு கட்டடம், ஒரு கரும்பலகை. இன்று அதில் ஒவ்வொரு லயத்துக்கும் ஓர் இணையக் கம்பியும் அடங்கும். அதன் செலவு நிறுவனத்தின் கணக்கில். விக்டர்ஸ் அலைவரிசையில் தமிழ்வழிப் பாடங்களுக்கு அன்றாடம் ஒரு நிலையான நேரம் வேண்டும் என்ற கோரிக்கை மட்டும் திருவனந்தபுரத்துக்குப் போக வேண்டியது. அதற்குப் புதிய சட்டமோ பெரும் செலவோ தேவையில்லை. பதிவு செய்த பாடங்கள் கையிலேயே இருக்கின்றன.